பீலித் தண்ணீர்

"பிரிச்சுப் படிங்க டீச்சர். எவ்வளவு நேரந்தான் கவரையே பாத்துக்கிட்டு இருப்பீங்க?" என்றார் தோட்டத்துத் தலைவர் கந்தப்பன்.

யசோதினிக்குக் கை ஓடவில்லை. மடுல்சீமைப் பக்கத்து அந்தத் தேயிலைத் தோட்டத்தில், கொழுந்தெடுக்கப் போகிறவர்களின் குழந்தைகளைப் பிள்ளைக் காம்பராவில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவள் அவள். அதனால் எல்லோருக்கும் டீச்சர். இந்த ஒரு கடிதத்துக்காக இரண்டு வருஷம் பதுளை அரசாங்க அலுவலகத்துக்கு மனு மேல் மனுவாக எழுதியிருந்தாள்.

மலைக்குள்ளே ஒரு பழைய செம்புச் சுரங்கம். தோண்டியவர்கள் கிடைத்ததை அள்ளிக்கொண்டு எப்போதோ போய்விட்டார்கள். போகிற போக்கில் குழியை மூடிவிட்டுப் போகிற மரியாதைகூட அவர்களுக்கு இருக்கவில்லை. அந்தக் குழியில் ஊறி வருகிற தண்ணீர்தான் லயத்து வீட்டுக்காரர்கள் தண்ணீர் பிடிக்கும் பீலியில் கொட்டுகிறது. கொட்டுகிற இடத்துச் சிமெந்து பச்சை பிடித்துக் கிடக்கும். வாயில் வைத்தால் கசக்கும்.

பெரியவர்கள் பழகிக்கொண்டார்கள். குழந்தைகளுக்குத்தான் ஒத்துக்கொள்ளவில்லை. கொழுந்தெடுக்கும் சுதர்ஷினியின் நாலு வயது மகள் தினமும் வாந்தி எடுத்தாள். இப்போதும் அம்மாவின் தோளில் துவண்டுபோய்க் கிடந்தாள். மருந்து கொடுத்து அலுத்துப்போன டொக்டர், முதலில் தண்ணீரைச் சோதிக்கச் சொல்லுங்கள் என்று யசோதினியிடம் சொல்லியிருந்தார்.

ஒருவழியாகப் போன மாதம் ஓர் அதிகாரி வந்தார். சரிவையும் காலில் ஏறும் அட்டைகளையும் பார்த்ததும் பீலி வரைக்கும் இறங்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை. காலிப் போத்தலைக் கொடுத்தனுப்பிவிட்டு, பிள்ளைக் காம்பராவில் உட்கார்ந்து இரண்டு கோப்பை தேத்தண்ணீர் குடித்தார். தண்ணீர் கெட்டது என்று முடிவு வந்தால் மேல்மலை ஊற்றிலிருந்து குழாய் போட்டுத் தருவார்கள் என்று யசோதினியிடம் சிங்களத்தில் சொன்னார். பிறகு நாற்காலியிலேயே ஒரு குட்டித் தூக்கமும் போட்டார். விழித்தபோது போத்தல் நிறைந்து வந்திருந்தது.

மேல்மலை ஊற்றுத் தண்ணீர் கற்கண்டுதான். ஆனால் போய்வர ஒன்றரை மணி நேரம் ஆகும். காலையில் பேர் பதிகிற பெரட்டுக்குப் பிந்தினால் அன்றைக்கு வேலை இல்லை. குழாய் வந்தால்தான் உண்டு.

யசோதினி கவரைக் கிழித்தாள். படித்தாள். தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.

"நல்ல தண்ணியாம் தலைவரே. ஒரு குத்தமும் இல்லையாம்."

கந்தப்பன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். இனிக் குழாயும் இல்லை, மனு எழுதவும் வழியில்லை. யசோதினிக்கு அழுகை முந்தியதா ஆத்திரம் முந்தியதா என்று அவளுக்கே தெரியவில்லை. அந்த அதிகாரி வழியில் போத்தலை மாற்றிவிட்டார் என்றாள். நாளைக்கே பதுளைக்குப் போய் அவர் சட்டையைப் பிடித்துக் கேட்கப்போவதாகச் சொன்னாள். தலைவரும் கூடவே வருவதாகச் சொன்னார்.

"அந்த ஐயாவ ஒண்ணும் சொல்லாதீங்க டீச்சர்." சுதர்ஷினி மகளை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஏன் சொல்லக்கூடாது?"

"தொரமாரு லயம் பாக்க வர்றாங்கன்னா, கூட்டித் தொடச்சு நல்லதத்தானே காட்டுவோம்? பெரிய ஆளுங்க பாக்கப்போற தண்ணியாச்சேன்னு, நாந்தான் போத்தல எடுத்துக்கிட்டு மேமல ஊத்துக்கு ஓடினேன்." அவள் மகளின் முதுகைத் தடவினாள். "வந்ததே வந்தோம்னு இவளுக்கும் ஒரு போத்தல் புடிச்சாந்தேன். அன்னைக்கு ஒரு நாள்தான் டீச்சர், இவ வாந்தி எடுக்கல."