பெட்ரோலா, பேட்டரியா?

பெர்மாஸ் ஜெயா வீட்டில், மதியத் தூக்கம் கெட்டுச் சிவந்த கண்களோடு சோபாவில் சந்தனசாமி. எதிர் நாற்காலியில் மனைவி கத்தரின். படிக்கட்டில் மகள் ஷரோன். நடுவில் புல்வெட்டி மெஷின் விளம்பரத்தாள்.

“பேட்டரியே வாங்குங்க. சத்தமே வராது லா,” என்றாள் கத்தரின்.

“பெட்ரோல்தான். தாமான்ல எல்லா வீடும் அதிரணும்!” என்றார் சந்தனசாமி.

“புகை வரும்பா,” என்றாள் ஷரோன்.

“வரட்டும், இன்னும் நல்லது.”

“அலமாக்! வீட்டச் சுத்தி சிமெண்டு போட்டாச்சு. எங்க இருக்கு புல்லு?” என்றாள் கத்தரின்.

அப்போது பக்கத்து வீட்டு ஐயாசாமியின் கராவோக்கே மறுபடியும் அலறத் தொடங்கியது. சந்தனசாமி நிதானமாகப் பேனாவை எடுத்தார்.

‘அன்புள்ள ஐயாசாமி அவர்களுக்கு, நீங்கள் பாடும் நேரங்களில் இனி நாங்கள் புல் வெட்டுவோம். பொறுத்தருள்க.’

விளம்பரத்தாளையும் உள்ளே வைத்து உறையை ஒட்டி, ஷரோனிடம் கொடுத்தனுப்பினார்.