கூடைக்கு ஒரு கை

அனுப்பம்பட்டு ஸ்டேஷன் வாசலில் பிலோமினா மீன் நிறைந்த அன்னக்கூடையை ஆட்டோவிலிருந்து இறக்கி வைத்தாள். தனி ஆளாய் அதைத் தலைக்கு ஏற்ற முடியாது. முன்பெல்லாம் எப்சிபா தூக்கி விடுவாள். பிறகு பிலோமினா முழங்காலை மடக்கி, எப்சிபாவின் கூடைக்கு ஒரு கை கொடுப்பாள். மீன்காரப் பெண்களிடம் அதுதான் வழக்கம். எப்சிபாவைக் கோட்டைக்குப்பத்தில் புதைத்து ஒரு மழைக்காலமும் போய்விட்டது.

ஆட்டோக்காரன் அர்ஷத் வண்டியைத் திருப்பிவிட்டுத் தூக்க வந்தான். கூடை அதற்குள் அவள் தலையில் இருந்தது.

"யாரு தூக்கி வுட்டதுக்கா?"

"எப்பவும் தூக்குறவதான். நீ கெளம்பு."

விளக்கிச் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. எப்சிபா போனதிலிருந்து இப்படித்தான். சும்மாட்டை வைத்துக் குனிந்தால் பின்னாலிருந்து கூடை ஏறிவிடும். ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் பிலோமினா திரும்பிக்கூடப் பார்க்காமல் நடையைக் கட்டிவிடுவாள்.

இன்று ரயில் தாமதம் என்று ஒலிபெருக்கி சொன்னது. சும்மா நின்றபோதுதான் அவளுக்கு உறைத்தது. இத்தனை நாளும் தன் முறைக்குக் கை கொடுக்காமலே போயிருக்கிறாள்.

கழுத்து வலித்தது. ஆனாலும் முழங்காலை மடக்கி, பக்கவாட்டில் கையை நீட்டினாள்.

"தூக்குடி," என்றாள்.

விரல்களில் கூடையின் விளிம்பு ஜில்லென்று பதிந்தது. கனமான கூடை. பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றி விட்டாள்.

ரயில் வந்ததும் கூடைக்காரர்களுக்கான வெண்டர் பெட்டியில் ஏறி, கூடையை இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். பிளாட்பாரம் நெடுக மீன் தண்ணீர் இரண்டு கோடாகச் சொட்டியிருந்தது. இரண்டும் அவள் பெட்டி வாசல்வரை வந்திருந்தன.