அரைச் சுற்று

கள்ளிக்குப்பம் மெயின் ரோட்டு ரிப்பேர் கடையில் முகமது இஸ்மாயில் கரிந்துபோன இஸ்திரிப் பெட்டியைக் கழற்றுகிறார். எதிரே நிற்கும் ராஜகுமாரியின் சேலையில் ஆஸ்பத்திரி வாசம். மகள் வர்ஷா அங்கே இரண்டு காலிலும் தீக்காயக் கட்டோடு படுத்திருக்கிறாள். "ஆஃப் பண்ண மறந்துட்டேன் பாய். சூடு ஏறினா அதுவே நின்னுடும்னுதானே சொல்றாங்க? மெத்தை எப்பிடி பத்திக்கிச்சு?" மூடியைத் தூக்கியதும் வெயில் உள்ளே விழுகிறது. சுண்டுவிரல் நீளத்தில் ஒரு பட்டை, இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்தது. சூட்டில் ஒன்று மற்றதைவிட அதிகம் நீளும், பட்டை வளையும், கரண்ட் கடக்கும் தொடுமுனைகளான பாயின்ட் இரண்டும் பிரிந்து கரண்ட் நிற்கும். இங்கே பாயின்ட் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கிறது. அதை அழுத்தும் திருகாணி, பாயின்ட் பிரிய முடியாதபடி அளவுக்கு மீறி முறுக்கப்பட்டிருக்கிறது. அதன் தலையில் அரத்தால் இழுத்த இரட்டைக் கீறல், இஸ்மாயில் தான் தொட்ட திருகாணிகளில் எல்லாம் போடுகிற அடையாளம். தீபாவளிக்கு முன்னால் இவள் புருஷன் வந்து, சூடே பத்தலை என்று சலித்துக்கொண்டான். இதே திருகாணியை அரைச் சுற்று கூட்டி அனுப்பினார். அது இவளுக்குத் தெரியாது. "ஊட்ல எல்லாரும் என்னையத்தான் திட்றாங்க. எம் பொண்ணே எம் மூஞ்சியப் பாக்க மாட்டேங்குது. நீங்க சொல்லுங்க பாய், தப்பு என்னுதா, பெட்டியோடதா?" இஸ்மாயிலின் திருப்புளி திருகாணியில் இறங்கி, மெதுவாக அரைச் சுற்று பின்னால் திரும்புகிறது. "பெட்டி நல்லாத்தாம்மா கீது," என்கிறார். "நீதான் ஆஃப் பண்ணிருக்கணும்."