அட்டைப்படத்துக்கு ஒரு மஞ்சள் பாவாடை

புது மாவட்டத்து ஏரிகளுக்கு வழிகாட்டிப் புத்தகம் போடப் புறப்பட்ட அதிகாரி, ஆண்டிமடம் பக்கத்து ஏரிக்கரையில் ஜீப்பை விட்டு இறங்கித் தொப்பியைச் சரிசெய்கிறார். வெயிலில் தண்ணீர் தகரமாய் மின்னுகிறது. காலையிலிருந்து எட்டு ஏரிகளைச் சுற்றிக்காட்டிய உள்ளூர்க்காரர் இளையபெருமாள், இந்த ஒன்பதாவதில் மட்டும் ஜீப்பருகிலேயே நின்றுவிடுகிறார். தண்ணீருக்குள் நிற்கும் கருவேலமரத்தில் வெளுத்த மஞ்சள் பாவாடை ஒன்று படபடக்கிறது. “அடடா, கொடி பறக்குற மாதிரி இருக்கே. அட்டைப்படம் இதுதான்,” என்று கேமராவைத் தூக்கும் அதிகாரி, “குளிக்க உகந்த ஏரின்னு எழுதிக்கய்யா,” என்கிறார் கூட வந்த எழுத்தரிடம். “குளிக்க வேணாங்க சார்,” என்கிறார் இளையபெருமாள். “மரத்தைத் தாண்டுனா மண்ணு எடுத்த பள்ளம். ரெண்டாள் ஆழம். தெரியட்டும்னுதான் அதக் கட்டி வச்சேன். எம்மவ வளர்மதியோடதுங்க.” எழுத்தரின் பேனா நின்றுவிடுகிறது. அதிகாரி தொப்பியைக் கழற்றுகிறார். வெயில் சுடவே மறுபடி போட்டுக்கொள்கிறார். “துக்கத்தையெல்லாம் அச்சடிச்சா எவன்யா வருவான்?” “துக்கம் வேணாங்க. பள்ளத்த மட்டும் போடுங்க.” இந்த ஒரு வரிக்காகத்தான் இளையபெருமாள் காலையிலிருந்து கூடவே அலைகிறார். கேமரா மெல்லத் திரும்பி ஒரு கொக்கைத் தேடுகிறது. எழுத்தர் நோட்டை மூடுகிறார். இளையபெருமாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பாவாடையின் தளர்ந்த முடிச்சை இறுக்கத் தண்ணீருக்குள் இறங்குகிறார்.