வாசலில் இரண்டு தொப்பிகள்

"என் பின்னாடி வர்ற ஆள் எங்கே, இன்ஸ்பெக்டர்?"

மேசையைத் தட்டிய தெஷிமாவை ஏற இறங்கப் பார்த்தார் இன்ஸ்பெக்டர் இவாசே. அந்த 1921 வரைக்கும் டோக்கியோவில், அரசாங்கமே கூடாது என்கிற கூட்டத்திலிருந்து போலீஸ் ஸ்டேஷனுக்குத் தானாக நடந்து வந்த முதல் ஆள் இவர்தான்.

"மூணு நாளாச்சு. திரும்பிப் பார்த்தா ஒரு ஈ, காக்கா இல்லே. உங்களையெல்லாம் ஒழிக்கணும்னு தொண்டை கிழியக் கத்துற மனுஷனை இப்படியா அநாதையா விடுறது?"

"ஆள் பற்றாக்குறை சார்."

"என் கஷ்டம் உங்களுக்கு எங்கே புரியும்!"

கஷ்டம் இதுதான். தலைவன் என்று ஒருவன் கூடாது என்பது சங்கத்தின் கொள்கை. ஆகவே, மே தினக் கூட்டத்தில் யார் பேசுவது என்பதை, யார் பின்னால் எத்தனை மப்டி போலீஸ் அலைகிறது என்று எண்ணித்தான் முடிவு செய்வார்கள். இன்று மத்தியானம் தெஷிமா வீட்டில்தான் தேர்வு. தோழர் கோமோரிக்கு ஒருவர் உண்டு. நல்லவர், மழை வந்தால் குடையும் பிடிப்பார். தெஷிமாவுக்குப் பூஜ்யம்.

இவாசே பதிவேட்டைப் புரட்டினார். "என்ன சார் விளையாடுறீங்களா? உங்க வீட்டுக்கு இன்னிக்குக் காலையிலதான் ரெண்டு பேரைப் போட்டிருக்கேன்!"

"ரெண்டா!" இன்ஸ்பெக்டரைக் கட்டிப்பிடிக்காத குறையாகக் கும்பிட்டுவிட்டு ஓடினார் தெஷிமா.

வாசலிலேயே தரிசனம். இரண்டு தொப்பிகள், இரண்டு நோட்டுப் புத்தகங்கள். அவரைக் கண்டதும் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார்கள்.

உள்ளே தோழர்கள் வாய் பிளந்து நின்றார்கள்.

"அண்ணே, ரெண்டு பேரா! அப்போ மந்திரிங்க தூக்கத்தைக் கெடுத்த பேர் போடாத அந்த மொட்டைக் கட்டுரை... நீங்க எழுதினதுதானா?" என்றார் கோமோரி.

தெஷிமா இல்லை என்று சொல்லவில்லை. மீசையை மட்டும் தடவிக்கொண்டார்.

"அப்புறம் என்ன பேச்சு? மேடை உங்களுக்குத்தான்!"

"ஷினோ!" மனைவியை அதட்டினார் தெஷிமா. "எந்நேரமும் அடுப்படியில என்ன கிறுக்கல்? டீ எங்கே?"

ஷினோ டீயை வைத்தாள். "டோஃபு தீர்ந்துபோச்சு, வாங்கிட்டு வந்துடறேன்" என்று பாத்திரத்தோடு படியிறங்கினாள்.

தெஷிமா கம்பீரமாக ஜன்னலைத் திறந்துவிட்டார். "நல்லாப் பார்த்துக்குங்க. நான் வீட்ல இருக்கிற வரைக்கும் ரெண்டு பேரும் இம்மி நகர மாட்டாங்க!"

வாசலில் இரண்டு நோட்டுப் புத்தகங்களும் பட்டென்று மூடின. இரண்டு தொப்பிகளும் டோஃபு பாத்திரத்தின் பின்னாலேயே போய்த் தெருமுனையில் மறைந்தன.