மூன்று சின்னச் சிலுவைகள்

கட்டைவிரல் நெஞ்சுக்கு வந்த பிறகுதான், அது நெற்றிக்கும் உதட்டுக்கும் போய்விட்டு வந்திருக்கிறது என்பதே சுவேதாவுக்குத் தெரிந்தது.

சட்டென்று கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமைப் பூசை. கடலூரில் அந்தப் பள்ளிக்கூடத்துக் கோயிலில் கத்தோலிக்கப் பிள்ளைகள் முன்னால் நிற்பார்கள்; மற்றவர்களுக்குக் கடைசி நான்கு வரிசை. சுவேதா கடைசி வரிசை.

பெரிய சிலுவையை எந்தப் பிள்ளையும் போடும். கணக்குப் பரீட்சை என்றால் பக்கத்தில் நிற்கும் சிவகாமிகூடப் போடுவாள். ஆனால் சாமியார் நற்செய்தி வாசிக்கப் புத்தகத்தைத் திறக்கும்போது நெற்றியில் ஒன்று, உதட்டில் ஒன்று, நெஞ்சில் ஒன்று என்று போடுகிறார்களே சின்னச் சிலுவை, அது பார்த்து வருவதில்லை. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற வீட்டில் கைக்குப் பழகியிருக்க வேண்டும்.

"என்னாடி பண்ண இப்ப?" சிவகாமி முழங்கையால் இடித்தாள்.

"ஈ."

"ஈ நெத்தில உக்காந்து, வாயில உக்காந்து, நெஞ்சுலயும் வந்து உக்காந்துச்சா? வேண்டுதலா அதுக்கு?"

சுவேதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தூணோரம் நின்ற மணவாளன் சார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்தான் பத்தாம் வகுப்பு ஆசிரியர். இந்து. அதனால் பூசை நேரத்தில் கடைசி வரிசைகளை மேய்க்கும் வேலை அவருக்கு. கக்கத்தில் நாமினல் ரோல் இருந்தது. பரீட்சை எழுதும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பேர், பிறந்த தேதி, மதம், சாதி எழுதி, நாளைக்குத் தேர்வுத்துறைக்குப் போக வேண்டிய கட்டு.

அதில் சுவேதா என்ற பேருக்கு நேரே இந்து, ஆதிதிராவிடர் என்று இருக்கிறது.

வீட்டில் அவள் கிரேசி. சுனாமி வந்த வருஷம் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கியவள். அது வெளியே தெரிந்தால் அந்தச் சாதிச் சான்றிதழ் செல்லாது; கிறிஸ்தவர்களுக்கு அதைக் கொடுப்பதில்லை. அக்கா அன்புமணி சிதம்பரத்தில் நர்சிங் படிப்பதும் அதே மாதிரிச் சான்றிதழில்தான். இன்னும் ஒரு வருஷம் பாக்கி.

"ஸ்கூல்ல உன் வாயில ஒரு செபம் வரக்கூடாது, சொல்லிட்டேன்." அம்மா இன்று காலையில்கூடச் சொல்லித்தான் அனுப்பினாள்.

வாயைச் சொன்னாள். கையைச் சொல்லவில்லை.

நற்செய்தி முடிந்து எல்லாரும் உட்கார்ந்தார்கள். சாமியார் பிரசங்கத்தில் ஏதோ கேள்வி கேட்டார். முன்வரிசைகள் ஒரே குரலில் பதில் சொல்லின.

மணவாளன் சார் தூணை விட்டு நகர்ந்தார்.

கேட்டால் என்ன சொல்வது? ஈ என்றா? முன்வரிசையில் நிற்கும் பிரிசில்லாவைப் பார்த்துப் பழகினேன் என்றா? அக்காவை நடு வருஷத்தில் பெட்டி படுக்கையோடு அனுப்பிவிடுவார்களோ? சார் வேறு பக்கம் போய்விட வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். எந்தச் சாமியை வெளியே தெரியாதபடி மறைக்கிறோமோ அதனிடமே வேண்டுகிறோம் என்று தோன்றியதும், அந்தப் பயமும் சேர்ந்துகொண்டது.

சார் நேராக அவள் வரிசைக்குத்தான் வந்தார்.

"சிவகாமி, நீ முன் பெஞ்சுக்குப் போ. அங்க போயி பேசு, எல்லாரும் கேக்கட்டும்."

சிவகாமி முணுமுணுத்துக்கொண்டே போனாள். சுவேதா இருந்த பெஞ்சில், ஓர் ஆள் இடம் விட்டு சார் உட்கார்ந்தார். நாமினல் ரோல் கட்டை மடியில் வைத்துக்கொண்டார். அவள் பக்கம் திரும்பவில்லை. பீடத்தைப் பார்த்தபடியே, உதடு அதிகம் அசையாமல் பேசினார்.

"நற்செய்திக்கு எழுந்திரிக்கறாங்க பாரு, அப்பவே ரெண்டு கையையும் பின்னால கட்டிக்க."

சுவேதா இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோனாள்.

"கட்டைவிரலை உள்ள வச்சி இறுக்கி மூடிக்க. கொஞ்ச நாளைக்கு நடுங்கும். எனக்கு அது நிக்கவே ஆறு வருஷம் ஆச்சு."