ஒழுக்கம் கெட்ட வாத்துகள்

"உன் வாத்துகளுக்குக் கொஞ்சமாவது ஒழுக்கம் இருக்காம்மா?"

நெட்டுக்குப்பத்தில், செல்லம்மா வீட்டு வாசலில் நின்று கத்தினார் ஜெகதீசன். பக்கத்திலேயே அரசாங்கக் காட்டு வாத்துக் காப்பகத்தை நடத்துகிறவர். புள்ளிமூக்கு வாத்து முட்டைகளை மெஷினில் பொரிக்கவைத்து, வளர்த்து, கழிமுகத்தில் விடுவதுதான் அவர் வேலை. போன வருடம் அதற்காக மெடல்கூட வாங்கினார்.

பின்னால், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவருடைய மேலதிகாரி.

குப்பமே கூடிவிட்டது. வாத்தின் கற்பு பஞ்சாயத்துக்கு வருவது தினமுமா நடக்கும்?

"இன்னா சார் பண்ணிச்சு என் வாத்து?" என்றாள் செல்லம்மா.

"எங்க ஆண் வாத்தெல்லாம் வேலி தாண்டி இங்கேயே வருது. எங்க பெண் வாத்துகளைத் திரும்பிக்கூடப் பார்க்கிறதில்லை. இதோ, லட்சணத்தைப் பாருங்க!"

அவள் காலடியில் ஓடிய குஞ்சுகளைக் காட்டினார். பாதி வெள்ளை, பாதி புள்ளி.

"நல்லாத்தான கீது சார்?"

"கலப்பு! இதெல்லாம் கழிமுகத்துல இறங்கிப் பெருகினா, நாளைக்கு அசல் இனமே மிஞ்சாது!"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மேலதிகாரியும் தலையாட்டினார். "உன் வாத்துகளை இங்கேருந்து அப்புறப்படுத்தும்மா."

செல்லம்மா முகம் வாடிவிட்டது. புருஷன் குமாரவேல் கடலுக்குப் போகாத நாட்களில் வாத்து முட்டை விற்றுத்தான் அடுப்பு எரிந்தது.

அவள் ஜெகதீசனை நிமிர்ந்து பார்த்தாள். அவர் சட்டென்று திரும்பி, அனல்மின் நிலையப் புகைபோக்கியின் அழகை ரசிக்க ஆரம்பித்தார்.

"சரி சார். மாதவரத்துல அக்கா வூடு கீது. அங்க அனுப்பிடறேன்."

ஜீப் கிளம்பியதுதான் தாமதம், குமாரவேல் குதித்தான்.

"வாயில கொழுக்கட்டையா வெச்சிகினு இருந்தே? என்னாண்ட மட்டும் எட்டூருக்குக் கேக்குறாப்ல கத்துவியே!"

"பேசியிருந்தா அந்தாளு வேலை பூடும். வூட்ல ரெண்டு பொண்ணுங்க கீது, பாவம்."

"நீ வாயத் தொறந்தா அவன் வேலை ஏன்மே போவுது?"

வாத்துகளை ஒவ்வொன்றாகக் கூடைக்குள் வைத்தபடியே செல்லம்மா சொன்னாள்:

"நீ போட்டுல விசாகப்பட்டணம் போயி மாசக்கணக்குல கெடந்தியே, அப்போ அவரு மெசின் ரிப்பேரு. முட்டையெல்லாம் துண்டுல சுத்திக்கினு ஓடியாந்து, 'எப்படியாவது காப்பாத்தும்மா'ன்னு அழுதாரு. என் வாத்துதான் அடகாத்து, கூட்டிக்கினு திரிஞ்சி ஆளாக்குச்சி. அவரு மெசின் பேரைச் சொல்லி மெடல் வாங்கிட்டாரு. அந்தக் குஞ்சுங்களுக்கு மெசினு தெரியுமா? பெத்த ஆத்தாவா நெனச்சது என் வாத்தத்தான்... இப்ப ஆத்தா மாதிரியே பொண்ணு தேடிகினு வருதுங்க!"